எங்களுக்கு ஓலை வாசிக்காதது யார்?

எங்கள் கல்யாணம் கல்யாணமே இல்லை என்கிறார்கள். கோவிலில் சாமி முன்னால் நடக்கவில்லை, அதனால் செல்லாது. செல்லாத கல்யாணத்தில் சேர்ந்து வாழ்ந்தால் பாவ நிலை. பாவ நிலையில் இருப்பவள் நற்கருணை நன்மை வாங்கக் கூடாது, அடுத்தவர் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கக் கூடாது. கால் நூற்றாண்டாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறையுரையில் கேட்டேன். அன்பியக் கூட்டத்தில் என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் எனக்காகவே சொன்னதையும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் படிக்கட்டும், கரை சேரட்டும், அதுவரை யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இப்போது அவர் இல்லை. இனி நான் யாருக்காகப் பொறுத்துப்போக வேண்டும்?

கோவிலுக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டவள் என்று என்னைச் சொல்கிறீர்களே சாமி, என்னை வெளியே அனுப்பியது யார்? அதை ஒரு மறையுரையிலாவது சொன்னீர்களா?

நான் ஊர்த்தெரு. அவர் காலனி. இரண்டு பேரும் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். ஒரே பங்கு. ஒரே கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். சின்ன வயதில் பீடச் சிறுவனாக நிற்க ஆசைப்பட்டாராம். காலனிப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வளர்ந்து கரண்ட் வேலை கற்றுக்கொண்டார். தேர்த்திருநாள் வந்தால் கோபுரத்தின் உச்சிவரை ஏறி சீரியல் லைட் கட்டுவது அவர்தான். அவர் விளக்குக் கட்டிய அந்தத் தேர் அவர் தெருவுக்குள் போகாது. அரசாங்கமோ, கிறிஸ்தவனுக்குச் சாதி கிடையாது, அதனால் நீ எஸ்.சி. கிடையாது என்று 1950-ஆம் வருட ஆணையைக் காட்டி அவருக்கு பி.சி. சான்றிதழ் கொடுத்திருந்தது. சாதி இல்லை என்று சலுகையைப் பறிக்க ஒரு இடம், சாதி உண்டு என்று ஒதுக்க ஒரு இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கே போய் நிற்பான்?

நாங்கள் ஓடிப்போகவில்லை. முதலில் போனது பங்குச்சாமியிடம்தான், கல்யாண அறிவிப்பைப் பூசையில் வாசிக்கச் சொல்லி.

"சாமி, எங்களுக்கு ஓலை வாசிக்கணும்."

"உங்க அப்பா வந்து சொல்லட்டும்மா."

"அப்பா வரமாட்டார் சாமி. வெட்டிப்போடுவேன்னு நிக்கிறார்."

"அப்ப நான் என்ன செய்ய? வாசிச்சா ஊரு ரெண்டுபடும். தேருக்கு வரி தரமாட்டாங்க. பெரியவங்க சம்மதத்தோட வாங்க, ஜாம் ஜாம்னு மந்திரிச்சு வைக்கிறேன்."

இருவருக்குமே கல்யாண வயது தாண்டியிருந்தது. யாரும் யாரையும் மயக்கவில்லை, ஏமாற்றவில்லை. சாமியின் அறைவீட்டு வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டோம். பக்கத்துப் பங்குக்குப் போனோம். "சொந்தப் பங்குலருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார் அங்கிருந்த சாமி. சொந்தப் பங்கில் லெட்டர் தரமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். சிறப்புத் திருமணச் சட்டத்தில் எழுதிக்கொடுத்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்த முப்பது நாளும் என் பெயரும் அவர் பெயரும் ஊரே படிக்கும்படி அந்தப் பலகையில் தொங்கின. என் சித்தப்பா அரிவாளோடு அலைந்தார். நான் என் வீட்டுக்காரருடைய சிநேகிதர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, செபமாலையை உருட்டிக்கொண்டு கிடந்தேன். கையெழுத்துப் போட்ட நாளில் சாட்சிக்கு மூன்று பேர் வந்தார்கள். உயிருக்குப் பயப்படாமல் வந்த அந்த மூன்று பேரில் ஒருவர்கூடக் கத்தோலிக்கர் இல்லை.

இதைத்தான் நீங்கள் கோவிலை மதிக்காத கல்யாணம் என்கிறீர்கள்.

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் செத்த பிறகு, வயதான கன்னியாஸ்திரி ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திருச்சபைச் சட்டப் புத்தகத்தை ஒவ்வொரு வரியாக எனக்கு விளக்கினார். அன்றைக்குத்தான் நான் அடியோடு உடைந்தேன். என் வீட்டுக்காரர் போனபோதுகூட அப்படி உடையவில்லை.

கத்தோலிக்கர் ஒருவர் பங்குத்தந்தை முன்னாலும் இரண்டு சாட்சிகள் முன்னாலும் சம்மதம் சொன்னால்தான் கல்யாணம் செல்லும் என்பது 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் போட்ட விதி. எதற்காகப் போட்டார்கள் தெரியுமா? அந்தக் காலத்தில் ஆண்கள் இரகசியமாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, பிறகு அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஊரறிய வேறொருத்தியைக் கட்டினார்கள். கைவிடப்பட்ட பெண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அவளைக் காப்பாற்ற வந்த விதி இது. அதே சங்கத்தில், பெற்றோர் சம்மதம் இல்லாத கல்யாணம் செல்லாது என்று சட்டம் போடச் சொல்லி பிரான்ஸ் நாட்டு அரசர் தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறுத்துவிட்டது. பெற்றோர் சம்மதம் இல்லாததாலேயே ஒரு கல்யாணம் செல்லாது என்று சொல்பவர்களைக் கண்டித்தும் எழுதிவைத்தது. இரண்டும் ஒரே ஆணையில் இருக்கின்றன சாமி. ஒரே ஆணை, ஒரே அதிகாரம். அதில் பாதியை எடுத்து என் தலையில் அடித்தீர்கள். இன்னொரு பாதியை ஏன் மறைத்தீர்கள்?

இன்றைக்கு நடப்பில் இருக்கும் 1983-ஆம் வருடச் சட்டத்தையும் பார்த்தேன். வயது வராத பிள்ளைக்குத்தான் பெற்றோர் விருப்பத்தைப் பற்றிய கேள்வி வருகிறது. வயது வந்தவர்களிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று கேட்க ஒரு வரி இல்லை. தடை இல்லாத எவரும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறது 1058-ஆம் விதி. ஒரு பங்கில் ஒரு மாதம் குடியிருந்தாலே அங்கே கல்யாணம் நடத்தலாம் என்கிறது 1115. நாங்கள் பிழைக்கப்போன டவுனில் ஒரு மாதமா இருந்தோம்? பிள்ளை பெற்று, அது பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தோம். அங்கிருந்த சாமி ஒருவராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? கோவில் மைக் செட் கெட்டால் அவரைக் கூப்பிடத் தெரிந்தது. பங்கு வரிக்கு ரசீது போட எங்கள் பெயர் தெரிந்தது. சாமி மாறும்போதெல்லாம் போய்க் கேட்போம். "பழைய விவகாரம்மா, ஊர்ல பேசித்தான் செய்யணும்" என்பார்கள். எந்த ஊர்? எங்களை வெட்ட வந்த ஊரா?

எனக்குத் தாங்காத ஒன்று உண்டு. எங்கள் எதிர்வீட்டில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் இருவரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடித்திருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை அதைச் செல்லும் என்று ஏற்றுக்கொள்ளும். இரண்டு இந்துக்கள் முடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். கத்தோலிக்கராகப் பிறந்த எங்களுக்கு மட்டும் அதே அலுவலகம், அதே கையெழுத்து, வெறும் காகிதம். இத்தனைக்கும் கல்யாணம் என்ற அருட்சாதனத்தைக் கொடுப்பது சாமி இல்லை, மணமகனும் மணமகளும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது, சாமி திருச்சபையின் சாட்சி என்று நம் மறைக்கல்வியே சொல்கிறது. நாங்கள் கொடுத்துக்கொண்டோம். சாட்சியாக வரமாட்டேன் என்றது நீங்கள்.

என் மகளுக்கு ஞானஸ்நானம் கேட்டபோது, "முதல்ல உங்க கல்யாணத்தைச் சரிபண்ணுங்க" என்றார்கள். அதைச் சரிபண்ணவும் மாட்டார்கள், இதைக் கொடுக்கவும் மாட்டார்கள். குழந்தை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும், பெற்றோர் கல்யாணம் எப்படி நடந்தது என்று சட்டம் கேட்கவில்லை. 2014 சனவரியில் வத்திக்கானில் போப் பிரான்சிஸ் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைகளில், கோவிலில் கல்யாணம் ஆகாத ஒரு தம்பதியின் குழந்தையும் இருந்தது. என் குழந்தை என்ன பாவம் செய்தது? கடைசியில் யாரோ ஒரு நல்ல சாமி, வெளியூரில், ஒரு வார நாள் சாயங்காலம், மணி அடிக்காமல், தண்ணீர் ஊற்றினார். அவர் நன்றாக இருக்கட்டும்.

புதுநன்மை அன்று அவளுக்கு வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி. பிள்ளைகள் வாங்கி முடித்ததும் பெற்றோர் எழுந்து போனார்கள், ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் அதன் அம்மாவும் அப்பாவும். நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எங்களைத் தேடுகிறாள் என்று தெரிந்து நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நீயும் அப்பாவும் ஏம்மா வரல? சேசுவுக்கு உங்க மேல கோவமா?" அவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள் சாமி. எட்டு வயதுப் பிள்ளைக்கு, அவளுக்குப் புரியும்படி.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் என் சித்தப்பா நன்மை வாங்கிக்கொண்டிருந்தார். அரிவாள் தூக்கிய அதே கையை நீட்டி. வெளிப்படையான பெரிய பாவத்தில் பிடிவாதமாக இருப்பவருக்கு நற்கருணை கொடுக்கக் கூடாது என்கிறது 915. எங்களுக்கு எத்தனை முறை அதைச் சொன்னார்கள்! காலனிக்குள் தேர் வரக் கூடாது என்று நின்றவன் வெளிப்படையாக நிற்கவில்லையா? கல்லறையில் நடுச்சுவர் வேண்டும் என்று ஊரைக் கூட்டியவன் பிடிவாதம் பிடிக்கவில்லையா? அவன் முன்னால் ஒரு முறையாவது உங்கள் கை நின்றதுண்டா? ஓர் ஆணும் பெண்ணும் குடும்பம் நடத்தியது பாவம், அவர்களைக் கொல்லப்போனது பாவம் இல்லையா? 2003-இல் தமிழ்நாட்டு ஆயர்களிடமே போப் இரண்டாம் ஜான் பால் சொன்னாரே, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று. அது எந்த அலமாரியில் இருக்கிறது?

ஊர்ப் பகைக்குச் சாமிமார் என்ன செய்வார்கள் என்று சிலர் எனக்குப் புத்தி சொல்வார்கள். வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் இருந்தது. 1910-இல் கௌசானல் சாமி அதை இடித்துப்போட்டார். வெளிநாட்டிலிருந்து வந்த மனிதர், ஊரே எதிர்த்தது, வழக்குப் போட்டார்கள், இடித்த சுவர் திரும்ப எழவில்லை. நான் சுவரை இடிக்கவா சொன்னேன்? மூன்று ஞாயிறு பூசையில் இரண்டு பெயரை வாசிக்கச் சொன்னேன்.

2018 சனவரியில் ஒரு செய்தி வந்தது. சிலே நாட்டில் விமானத்தில் போய்க்கொண்டிருந்த போப் பிரான்சிஸ், அதில் வேலை செய்யும் ஒரு தம்பதிக்கு அங்கேயே, ஆகாயத்திலேயே கல்யாணம் செய்துவைத்தார். அவர்களும் எங்களைப் போலப் பதிவுக் கல்யாணம் செய்தவர்கள். 2010 பூகம்பத்தில் அவர்கள் கோவில் இடிந்ததால் கோவில் கல்யாணம் நடக்காமலே போய்விட்டதாம். போப் அவர்கள் கையைச் சேர்த்துவைத்தார், ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், முடிந்தது. என் வீட்டுக்காரர் அந்தச் செய்தியைக் கத்தரித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். மறுநாளே சட்டை மாற்றிக்கொண்டு சாமியிடம் போனார். "அவர் போப்பாண்டவர். நான் சாதாரணப் பங்குச்சாமி. இதெல்லாம் இங்க நடக்காது" என்று பதில் வந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டார்.

இங்கே நடக்காதா? எங்கள் இருவருக்கும் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. வேறு துணை கிடையாது, இரத்த உறவு கிடையாது, ஒரு தடையும் கிடையாது. குறை ஒன்றுதான்: சாமி முன்னால் சொல்லவில்லை. அவர் முன்னாலும் இரண்டு சாட்சிகள் முன்னாலும் மறுபடி ஒரு முறை சம்மதம் சொன்னால் சரியாகிவிடும். கூட்டம் வேண்டாம், பந்தல் வேண்டாம். அதுவும் முடியாது என்றால், மறுபடி சம்மதம் சொல்லாமலே பழைய கல்யாணத்தை அடியிலிருந்து செல்லுபடியாக்கும் அதிகாரம் ஆயருக்கு இருக்கிறது, 1161-லிருந்து 1165 வரை எழுதியிருக்கிறது. எல்லா மருந்தும் உங்கள் பையில் இருந்தது. எங்களுக்கு வலிக்கும் இடமும் தெரியும். ஏன் தரவில்லை? எங்களில் ஒருவர் ஊர்த்தெரு, ஒருவர் காலனி என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

பிறகு அவருக்குக் கிட்னி போனது. அரசாங்க ஆஸ்பத்திரி, டயாலிசிஸ், கடன். அதையெல்லாம் எழுதப்போவதில்லை, அது நடக்காத வீடு எது? கடைசி நாள் ராத்திரி, மூச்சு வாங்க வாங்க, "சாமியக் கூப்பிடு" என்றார். எத்தனை அவமானத்துக்குப் பிறகும் அதைத்தான் கேட்டார். நான் ஆட்டோ பிடித்து அறைவீட்டுக்குப் போனேன். கதவு திறந்தது. தூக்கக் கலக்கத்தில் இருந்த சாமி சொன்னார்:

"உங்க கல்யாணம் இன்னும் ரெஜிஸ்டர்ல ஏறலையேம்மா. காலையில ஆயர் இல்லத்துல கேட்டுட்டு வர்றேன்."

விடியும் முன்னால் அவர் போய்விட்டார்.

சாகக் கிடப்பவருக்குக் கல்யாணத்தைச் சரிபண்ண ஓலை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், நாங்கள் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், தடை இல்லாதவர்கள் என்று வாயால் சொன்னாலே போதும் என்கிறது 1068. சாமியே வர முடியாத நிலை என்றால், சாகும் தறுவாயில் இரண்டு சாட்சிகள் முன்னால் சம்மதம் சொன்னாலே கல்யாணம் செல்லும் என்கிறது 1116. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருந்தது. இரவுப் பணி நர்ஸ் இருந்தார். எனக்குத் தெரிந்திருந்தால் அவர்களைச் சாட்சி வைத்து அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருப்பேனே. பாவசங்கீர்த்தனம் கேட்டு, தைலம் பூசி, நன்மை கொடுத்து, எங்களைப் புருசன் பெண்டாட்டியாகவும் ஆக்கிவிட்டுத் திரும்பிப்போய்ப் படுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆட்டோ வெளியே நின்றது சாமி. என்ஜினைக்கூட அவன் அணைக்கவில்லை.

உடலைக் கோவிலுக்குள் எடுக்கவில்லை. மந்திரிக்கவும் இல்லை. வெளிப்படையான பாவி என்று காரணம் சொன்னார்கள். சாவதற்கு முன்னால் மனம் திரும்பிய அடையாளம் ஏதாவது காட்டினால் அடக்கத்தை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தில், 1184-இல், எழுதியிருக்கிறது. சாமியைக் கூப்பிடு என்று கேட்டது அடையாளம் இல்லையா? வேறு எப்படிக் கேட்க வேண்டும் ஒரு மனிதன்? காலனி உபதேசியார் வந்து கரகரத்த குரலில் செபம் சொன்னார். கல்லறையில் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்தோம். என்னை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊர்த்தெரு சேர்க்காது. இந்தப் பக்கம் வைக்க, நான் அவருக்குப் பெண்டாட்டி என்று உங்கள் பதிவேட்டில் இல்லை.

ஆயர் இல்லத்துக்கு எழுதினேன். பணம் கேட்கவில்லை, அந்தச் சாமியைத் தண்டிக்கச் சொல்லவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி அவர் வருவதை எந்தச் சட்டம் தடுத்தது, எண்ணைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை.

இந்த வருடம் என்னைத் தேடி ஒரு பெண் வந்தாள். எங்கள் ஊர்த்தெருப் பெண்தான், நர்சாக வேலை பார்க்கிறாள். பையன் காலனி. ஓலை வாசிக்கக் கேட்டிருக்கிறாள். "உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேறு சாமி, வேறு காலம், அதே வார்த்தை. அவளுக்கு 1058-ஐயும் 1115-ஐயும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி உங்கள் அறைவீட்டுக்குத்தான் வரப்போகிறாள், பதிவு அலுவலகத்துக்கு இல்லை. கேள்வி கேட்காமல் வாசித்துவிடுங்கள் சாமி. ஊர் எதிர்த்தால் பீடத்திலிருந்து அவர்களுக்கு பதில் சொல்லுங்கள், அவளுக்கு அல்ல. இந்த முறையும் அவளைத் திருப்பி அனுப்பினால், நாளைக்கு உங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே கோவிலுக்கு வெளியே கல்யாணம் முடித்தவள் என்று எழுதும் பேனாவால், அவளைத் திருப்பி அனுப்பியவரின் பெயரையும் தேதியையும் அதே வரியில் எழுதுங்கள்.